நாலு மூலை

குளிர்பெட்டியின் கண்ணாடியில் பனி படர்ந்து தம்பியின் முகத்தை மறைத்துக்கொண்டே இருந்தது. அண்ணன் துண்டால் நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முதலாளி.

"எத்தனை மணிக்குப்பா எடுக்குறீங்க?"

"நாலு மணிக்கு சார்."

"காலையில இருந்து மூடி எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு வருதுப்பா. இன்னைக்குச் சரியாகலேன்னா ஆர்டரே போயிடும். தப்பா நினைச்சுக்காத... உன் தம்பி ஒரு நோட்டு வச்சிருப்பானே, அது வீட்டுல இருக்கா?"

நோட்டாம்! இருபது வருஷமாக அதே பட்டறையில், அதே மிஷினோடு மாரடிக்கிற அண்ணன் இதோ போனிலேயே இருக்கிறார். 'நீ வந்து ஒரு தடவை பாரேன்' என்று சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். சரி, உயிரோடு நிற்கிற கழுதைக்கு என்ன விலை?

நைலானை உருக்கி அச்சுக்குள் அடித்துச் சதுர மூடி எடுக்கிற வேலை. தம்பியை அதில் சேர்த்துவிட்டதே அண்ணன்தான். மூன்றே வருஷத்தில் தம்பி கைராசிக்காரன் ஆகிவிட்டான். அண்ணன் நாலு நாள் மல்லுக்கட்டிய அச்சை அவன் வந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, "நீ முக்கால்வாசி முடிச்சு வச்சிருந்தே, நான் சும்மா தொட்டேன்" என்பான். அந்தப் பெருந்தன்மைதான் அண்ணனுக்கு அதிகமாக எரியும். நேற்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழவே இல்லை. காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பற்றியேதான் பேசினார்கள். செத்துக் கிடக்கிற தம்பி மேல் பொறாமைப்படுகிற பாவி உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் அது போகவில்லை.

தம்பி மனைவியிடம் போய் மெல்லக் கேட்டார். அவள் அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"பத்திரம் மாமா. அவர் கையெழுத்துன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"மூணு மணிக்குள்ள வந்துடுறேம்மா."

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திறக்கக் கூடாது என்று தெருமுனை தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டார். இந்த ஒரு தடவையாவது இவன் இல்லாமல் நான் செய்து பார்க்கிறேன்.

பட்டறையில் வளைந்த மூடிகள் கூடை கூடையாகக் கிடந்தன. மிஷினில் நிற்கிற அக்கா ஒரு மூடியைச் சோதனை மேஜையின் கண்ணாடி மேல் வைத்து ஒரு மூலையை அழுத்திக் காட்டினாள். டக். எதிர் மூலை தூக்கியது.

"நைலானை மறுபடி காயவச்சுப் போட்டோம். அழுத்தம் ஏத்தினோம், இறக்கினோம். ஒண்ணும் மசியல."

அவர் மூடிகளைப் புரட்டினார். எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. மிஷினை நிறுத்தச் சொல்லி அச்சின் இரண்டு பாதிகளையும் புறங்கையால் தொட்டார். ஒரு பாதி இதமாக இருந்தது. மற்றது அடுப்பாகக் கொதித்தது. சூடான பக்கம் கடைசியாக ஆறும், அதிகமாகச் சுருங்கும், மூடியைத் தன் பக்கம் இழுக்கும். அந்தப் பாதியைக் குளிரவைக்கிற தண்ணீர்க் குழாயைக் கழற்றினார். நூலாக ஒழுகியது.

"அட, அடைச்சுக்கிட்டு இருக்குக்கா!"

காற்றை வைத்து அடித்தார். துருவும் சுண்ணாம்புமாக ஒரு கட்டி தெறித்து அவர் வெள்ளை வேட்டியிலேயே விழுந்தது. மறுபடி மாட்டி, இரண்டு பாதியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து ஓட்டினார். முதல் பத்தைக் கழித்தார். பதினொன்றாவதைக் கையில் எடுத்ததும் முதலாளி, "ஓகேவா?" என்றார்.

"இருங்க சார். ஆறட்டும்."

சொன்ன பிறகுதான் அது தம்பியின் வார்த்தை என்று உறைத்தது. சுடச்சுட எல்லா மூடியும் நேராகத்தான் இருக்கும், ஒரு டீ குடிக்கிற நேரம் பொறு என்பான் அவன். அண்ணனுக்குத்தான் அந்தப் பொறுமை இருந்ததில்லை. இன்று பொறுத்தார். பிறகு கண்ணாடியில் வைத்து நாலு மூலையையும் அழுத்தினார். சத்தமே இல்லை.

"பாத்தியா!" முதலாளி அவர் தோளில் தட்டினார். "நான்தான் சொன்னேனே, நோட்டுல இருக்கும்னு!"

'நோட்டைத் திறக்கவே இல்லை சார்' என்பது தொண்டை வரை வந்தது. இந்த ஆளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த மூடியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வாசலிலேயே தம்பி மனைவி நின்றிருந்தாள்.

"சரியாச்சா மாமா?"

"ஆச்சும்மா."

"அதுல எழுதியிருந்தாரா?"

அந்த முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம். அவர் நோட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஆமாம்மா. எல்லாம் எழுதி வச்சிருக்கான். அப்படியே பாத்துப் பண்ணினேன்."

அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "அவர் நோட்டைப் பாத்துத்தான் மிஷினே ஓடுச்சாம்!" என்று அவள் அழுகையோடு சொல்வதும், பெண்கள் உச்சுக்கொட்டுவதும் வெளியே கேட்டது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. பெட்டியைத் திறக்க ஆட்கள் வருவதற்குள் அவர் போய்க் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். தம்பியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு மூடியை எடுத்து, அவன் கைகளுக்கு நேர் மேலே கண்ணாடியில் வைத்தார். ஒரு மூலையை விரலால் அழுத்தினார். பிறகு அடுத்தது.

"தள்ளுங்கண்ணே, நேரமாச்சு" என்றார் வண்டிக்காரர்.

"இருப்பா" என்றார் அவர். "இன்னும் ரெண்டு மூலை இருக்கு."