அவருடைய நாற்காலி

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கலைக் கண்காட்சிக்கு வந்தது கலையைப் பார்க்க அல்ல, மகளைப் பார்க்க. அவளுடைய முதல் கண்காட்சி அது. வீட்டுக்கு வந்துவிடம்மா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போதே அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கலைப் பக்கம் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து மனிதர் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவள் மேசைக்கு வந்தால் இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவார். சாதாரண வீம்பு இல்லை, இரண்டு வருஷ வீம்பு. மனைவி நடுவில் கிடந்து அல்லாடினாள். கடைசியில் மகள் தனி வீடு பார்த்துக்கொண்டு போனபோது, சாப்பாட்டு மேசையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள். இப்போது அவர் எந்த அறையில் வேண்டுமானாலும் சாப்பிடலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. சாப்பாடுதான் தொண்டையில் இறங்குவதில்லை.

ஒவ்வொரு அறையாகத் தேடினார். வெள்ளைச் சுவர்கள், தணிந்த பேச்சு, தெரிந்த முகம் ஒன்றுமில்லை. கடைசி அறையில் கால் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் இருந்தது அவர்கள் வீட்டு மேசையேதான். அவர் இஸ்திரிப்பெட்டியை வைத்துச் சுட்ட தழும்புகூட இருந்தது. மூன்று நாற்காலி, மூன்று தட்டு. தனக்கும் ஒரு தட்டு வைத்திருக்கிறாளே என்று நினைத்தார். நேரே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கூடிவிட்டது. அவரும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒருத்தி குனிந்து முகத்தைப் பார்த்தாள், ஒருவன் போட்டோ எடுத்தான். முகத்தில் என்ன சோகம் பார் என்று மெச்சிக்கொண்டார்கள். ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காவலாளி போய் மகளை அழைத்து வந்தான். இவரும் உங்கள் ஏற்பாடுதானா என்று அவன் கேட்டான். அவள் அப்பாவின் பக்கத்தில் வந்து, அடுத்தவர் காதில் விழாதபடி சொன்னாள்.

"எந்திரிங்கப்பா. அந்த நாற்காலி காலியா இருக்கணும். நான் செஞ்சிருக்கிறதே அதுதான்."

எத்தனை நாள் கழித்து அப்பா என்கிறாள். ஆனால் அந்த நாற்காலியைக் காலி செய்தது யார் என்று அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்று கேட்பது? மெல்ல எழுந்தார். நாற்காலி முன்னே எப்படி இருந்தது என்று அவளிடமே கேட்டு, அவள் காட்டிய இடத்துக்கு அவரே தள்ளி வைத்தார்.