நாலு நிமிட வழக்கு

கனடாவின் வடகோடி நூனாவுட்டில் அந்தக் கரையோர ஊருக்கு நீதிமன்றம் விமானத்தில்தான் வரும். நீதிபதி, வக்கீல்கள், எழுத்தர் எல்லோரும் ஒரே சின்ன விமானத்தில் முட்டி இடிக்க வந்து இறங்குவார்கள். சமூகக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு நீதி வழங்கிவிட்டு, வானிலை கெடுவதற்குள் ஓடிவிடுவார்கள். அதாவது, வந்தால்.

ஆக்பிக்கின் வழக்குக்கு நான்கு முறை தேதி குறித்தார்கள். ஒருமுறை மூடுபனி, ஒருமுறை பனிப்புயல், ஒருமுறை நீதிபதிக்குக் காய்ச்சல். நான்காம் முறை வந்தே விட்டார்கள். ஆனால் இவன் முறை வருவதற்குள் விமானி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டார்.

அதே ஊர் டூலுகாக்கின் பனிவண்டி எண்ணெய்த் தொட்டியைத் துப்பாக்கியால் சுட்டான் என்பது குற்றச்சாட்டு. தொட்டியில் ஓட்டை இருந்தது உண்மை. ஆக்பிக் சுடவில்லை என்பதும் உண்மை. ஆனால் விசாரணை முடியும்வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஊரிலேயே நல்ல வேட்டைக்காரன், மச்சான் கொண்டுவந்து போடும் கடல்நாய்க் கறியைத் தலைகுனிந்து தின்றுகொண்டிருந்தான். கொடுமை அதுதான்.

வழக்குப் போட்டு இன்றோடு பதினெட்டு மாதம். இன்றும் விசாரணை நடக்காவிட்டால் வழக்கையே நிறுத்தச் சொல்லலாம் என்று புது வக்கீல் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், விமான ஓடுதளத்தில் பனி தள்ளுகிற உத்தியோகம் ஆக்பிக்குடையது.

"மெஷின் கிளம்பலன்னு சொல்லிட்டுப் படுய்யா," என்றாள் அவன் மனைவி ஊலுரியாக். "விமானம் இறங்காது. துப்பாக்கி வீட்டுக்கு வந்துடும்."

"என் மெஷின் கிளம்பலன்னு நானே சொல்றதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்!"

"நான் சுடலன்னு அவங்க வாயால கேக்கணும், ஊலு."

"நல்ல ஆளு! உன்னப் பிடிக்க வர்றவங்களுக்கு நீயே பாதை போடு, போ."

போட்டான். நடுவில் ஒருமுறை வண்டியை நிறுத்தி யோசித்தான்தான். பிறகு மிச்சத்தையும் தள்ளி முடித்தான். விமானம் சொகுசாக இறங்கியது.

கூடத்தில் ஈ காக்கை இல்லை. வானம் தெளிந்தால் விமானம் மட்டுமா கிளம்பும்? விரிகுடாவுக்கு அப்பால் மான் கூட்டம் தெரிகிறதென்று ஊரே போய்விட்டது. முதல் ஆளாகப் போனவன், ஒரே சாட்சியான டூலுகாக். அரசு வக்கீல் பரிதாபமாக இன்னொரு தேதி கேட்டார். மூன்று மாதம் தள்ளித்தான் கிடைக்கும்.

ஆக்பிக்கின் வக்கீல் துள்ளி எழுந்தார். "நியாயமான காலத்துக்குள்ள விசாரிக்கணும்ங்கிறது இவரோட உரிமை. போதும், வழக்க நிறுத்திடுங்க."

நீதிபதி அம்மாள் பேனாவை எடுத்தார். ஆக்பிக் கையைத் தூக்கினான்.

"நிறுத்திட்டா, நான் சுடலன்னு ஆயிடுமா?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லாமலே முடிஞ்சிடும்," என்றார் வக்கீல்.

"அப்ப வேண்டாம்."

கடைசி வரிசையில் ஊலுரியாக் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அம்மா, தொட்டி ஓட்டையான அன்னைக்குப் பொழுது பூரா நான் ஓடுதளத்துலதான் பனி தள்ளிட்டிருந்தேன். மூணு விமானம் இறங்குச்சு. விமான நிலையக் குறிப்பேட்டுல மணி போட்டு எழுதியிருக்கு."

குறிப்பேட்டை விமானியே போய் எடுத்து வந்தார். அரசு வக்கீல் பக்கத்தைப் புரட்டினார். அவர் காது சிவந்தது.

"இத ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யாருங்க கேட்டாங்க? ஒவ்வொரு தடவையும் ஒரு புது வக்கீல். எல்லாரும் அடுத்த தேதி எது தோதுன்னுதான் கேட்டாங்க. அதச் சொன்னேன்."

பிறகு அரசு வக்கீல் எழுந்து, தன்னிடம் சாட்சியம் ஏதும் இல்லை என்றார். நீதிபதி ஆக்பிக்கின் முகத்தைப் பார்த்து, குற்றவாளி அல்ல என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குறிப்பேடு வந்ததிலிருந்து நாலு நிமிடம்.

ஆக்பிக் குழந்தை மாதிரி அழுதான். ஊலுரியாக் வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். எழுந்து போய்த் துப்பாக்கிய வாங்கு. மான் நமக்காகப் பதினெட்டு மாசம் நிக்காது."