ஐரிஸைத் தூக்கிய கைகள்

சிறை வேனின் கதவு திறந்ததும் டோரீன் மகள் ஜெம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தாள். இடது கையில் விலங்கு இருந்தது. அதன் மறுமுனை ஹேசல் என்ற பெண் காவலரின் கையில் பூட்டியிருந்தது.

"கழட்டுங்க," என்றாள் டோரீன்.

கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். கடையில் திருடியதற்கு நாலு மாதத் தண்டனை வாங்கி ஜெம்மா உள்ளே போனபோது ஆறு மாத வயிறு. அப்போது சிறையில் தந்த தாள் அது. கர்ப்பிணிக்கு விலங்கு பூட்டக்கூடாது, வலி என்றால் உடனே செவிலியை அழைக்க வேண்டும் என்று அழகாக அச்சடித்திருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தெரியாமல் டோரீன் அதை வேதவசனம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன், ஞாயிறு மதியம், ஜெம்மா தன் அறையிலிருந்த மணியை மூன்று முறை அழுத்தினாள். "தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. குழந்தை தரையில் பிறந்தது. செவிலி வந்து சேர்ந்தபோது மூச்சு இல்லை. துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். ஜெம்மாவின் கையில் யாரும் தரவில்லை.

ஹேசல் தாளைப் படித்தாள். "இது வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கும்மா." சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது போல, முகம் சிவந்துவிட்டது.

"ஆமா. அதான் இப்ப இல்லாம பண்ணிட்டீங்களே."

"நான் அன்னிக்கு டியூட்டில இல்லம்மா."

"யாரக் கேட்டாலும் அன்னிக்கு டியூட்டில இல்ல. அப்ப யாருதான் இருந்தது?"

கல்லறைத் தோட்ட வாசலில், அடக்கம் நடத்துபவர் முழங்கை நீளமே இருந்த வெள்ளைப் பெட்டியோடு காத்திருந்தார். பச்சைக் குழந்தையின் பெட்டியை அங்கே யாரும் தோளில் வைப்பதில்லை. பெற்றவள்தான் இரண்டு கையாலும் ஏந்திப் போவாள். குழந்தை ஐரிஸைத் தூக்க ஜெம்மாவுக்கு வாய்ப்பது இந்த ஒரு முறைதான்.

"பெட்டிய எடுத்துட்டுப் போற நேரத்துக்காவது கழட்டுங்க. எங்க ஓடிப்போவா அவ?"

ஹேசல் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். "அஞ்சு நிமிஷம் சார்... தெரியும் சார்... சரி." டோரீனைப் பார்க்காமலே, முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"விடும்மா," என்றாள் ஜெம்மா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை. "பாப்பாவக் குடுக்கச் சொல்லு."

சங்கிலி குட்டை. ஜெம்மா இரண்டு கையையும் பெட்டிக்கு அடியில் கொடுத்தபோது ஹேசலின் கையும் கூடவே போயிற்று. நெட்டைக்காரியான அவள் குனிந்தபடியே நடந்தாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது டோரீனுக்கு. பார்த்தால், அதுவும் பெட்டியின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கல்நெஞ்சக்காரியாக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. ஜெம்மா கைகளை ஏந்தியபடியே நின்றாள்.

"அம்மா," என்றாள் மெல்ல.

கறுப்புச் சட்டையில் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பால்.

டோரீன் தன் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டாள். வலது கை நுழைந்தது. இடது கையில் சங்கிலி. கோட்டை அந்தத் தோளின் மேல் இழுத்துவிட்டு, மேல் பொத்தானைப் போட்டாள், அடுத்ததையும் போட்டாள். கோட்டின் இடது கை வெறுமனே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.