ராணிக்குப் போட்ட அக்ரிமெண்ட்

கிருபாகரனின் ஒப்பந்தத்தில் வேலை நேரம் என்ற இடத்தில் 'தேவைக்கேற்ப' என்று எழுதியிருக்கும். யாருடைய தேவைக்கு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிற சாதியாக இருந்தால் அவன் ஏன் விளம்பரப் படக் கம்பெனிக்குப் புரொடக்‌ஷன் மேனேஜராகப் போகிறான்? நாவலூரில் இருக்கும் அந்தக் கம்பெனியில் அவனுக்கு நிரந்தர வேலை கிடையாது. கூப்பிட்ட நாளைக்குச் சம்பளம், மூவாயிரம். ஷூட்டிங்குக்கு இடம் பிடிப்பது, சாப்பாடு சொல்வது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, நடிகையின் காலடியில் கொசுவத்தி கொளுத்தி வைப்பது எல்லாம் அவன் தலையில்தான்.

வீடு திருக்கழுக்குன்றத்தில். மனைவி திவ்யா செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமில் பகல் டியூட்டி நர்ஸ். கல்யாணமான புதிதில் அவனுக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். பிறகு சாப்பிட்டுவிட்டு அவன் தட்டை மூடி வைத்தாள். இப்போது எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள்.

கம்பெனி ஒரு நெய் விளம்பரத் தொடருக்கு மூன்று மாதம் சேர்த்து ஒப்பந்தம் போடப்போகிறது என்று தெரிந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள்.

"இந்த தபா நேரத்த எழுதி வாங்கிக்கினு அப்புறம் கையெழுத்துப் போடு. இல்லாங்காட்டி நான் கருங்குழில அம்மா வூட்டுக்குப் போய்டறேன். சண்டைக்கு இல்ல. அங்க பேச்சுத் துணைக்கு ஆளு கீது."

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பேச்சுத் துணை என்ற சொல் அவனை அறுத்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "மேடம், எனக்கு டைமிங் வேணும்" என்று சொல்லிப் பழகினான். கண்ணாடிக்கு முன்னால் நன்றாகத்தான் வந்தது. தயாரிப்பாளர் சஹானாவுக்கு முன்னால் போனதும், "மேடம், டீ வேணுமா?" என்று வந்தது.

இந்த லட்சணத்தில் டைரக்டர் ஹேமந்துக்கு மாடு வேண்டியிருந்தது. மாமல்லபுரம் கடற்கரை பங்களாவின் புல்வெளியில், கடலைப் பார்த்தபடி ஒரு செவலைப் பசு நிற்க வேண்டும். கிருபாகரன் விசாரித்து விசாரித்து, திருக்கழுக்குன்றம் பக்கத்து கிராமத்தில் ஜம்புலிங்கம் என்பவரைப் பிடித்தான். ஜம்புலிங்கத்துக்கு மாட்டுத் தரகு தொழில். ஊரில் எந்த வீட்டில் எந்த மாடு சினை என்பதெல்லாம் அத்துப்படி. அவருடைய சொந்த மாடு ராணி, செவலை என்றால் அப்படி ஒரு செவலை.

"நாள் வாடகை எவ்ளோங்க?" என்றான் கிருபாகரன்.

ஜம்புலிங்கம் வாயால் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டு, துண்டுக்கு அடியில் தன் கையை நுழைத்து, அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் விலை அப்படித்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. ஒரு விரல் ஓராயிரம். ஒத்துக்கொண்டால் அதே விரல்களை அழுத்த வேண்டும், குறைக்க வேண்டுமானால் ஒன்றை விட வேண்டும்.

கிருபாகரனுக்கு இது எதுவும் தெரியாது. பெரியவர் ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்து, அவருடைய முழுக் கையையும் பற்றி, கம்பெனியில் பழகிய மாதிரி அழுத்தமாகக் குலுக்கினான்.

ஜம்புலிங்கத்தின் கண் விரிந்தது. "இன்னா நைனா, நான் ரெண்டு கேட்டேன், நீ அஞ்சு குடுக்கற?"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சோ தெரியாமலோ கை புடிச்சாச்சு. புடிச்ச கைய மாத்திப் பேசுனா நாளைக்கு எவனும் உனுக்கு ஆட்டுக்குட்டிகூடக் குடுக்கமாட்டான். நேரத்தையும் கேட்டுக்க. காலைல பால் கறந்தப்புறம்தான் ராணி வண்டி ஏறும். சாயங்காலம் கறக்கற நேரத்துக்கு வூடு வந்து சேரணும். கன்னுக்குட்டி காத்துகினு இருக்கும். நிழல் வேணும், தண்ணி வேணும், மத்தியானம் படுக்க எடம் வேணும். மூஞ்சில லைட் அடிக்கக்கூடாது."

தன்னைவிட இரண்டாயிரம் அதிகம் வாங்கும் மாட்டை அவன் ஒருமுறை பார்த்தான். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. எல்லா நிபந்தனைகளையும் போனில் தட்டி சஹானாவுக்கு அனுப்பிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

பைக்கை உதைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'ஓகே. ஆர்ட்டிஸ்ட் அக்ரிமெண்ட்ல எல்லாத்தையும் போட்டுடு. மாட்டைப் படுத்தாதீங்க, பாவம்.'

பாவம் என்ற சொல்லையே அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கு அது ஒருதரமும் கிடைத்ததில்லை.

மறுநாள் பங்களாவில் ராணிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். பந்தலிலிருந்து கேமராவுக்கு நடக்கும்போது வெயில் படாமல் இருக்கக் குடை பிடித்தவன் கிருபாகரன். குடை மாட்டுக்கு மட்டும்தான். மத்தியானம் ராணி படுத்தது. மொத்த யூனிட்டும் சத்தம் போடாமல் நடந்தது. ஹேமந்த்கூட சாடை காட்டித்தான் காபி கேட்டார். கிருபாகரன் அந்தக் காபிக்காக மூன்று முறை புல்வெளிக்கும் கிச்சனுக்கும் ஓடினான். அவனுடைய சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஆறிப்போனது.

வெயில் சாய்ந்தது. கடைசி ஷாட். ராணி கடலைப் பார்க்க வேண்டும். ராணியோ திருக்கழுக்குன்றம் இருக்கும் திசையைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தியது. ஜம்புலிங்கம் எழுந்து கயிற்றை அவிழ்த்தார்.

"அஞ்சு நிமிஷம் சார்! வெளிச்சம் இப்பதான் பொன்னா வந்திருக்கு!" என்று ஹேமந்த் கெஞ்சினார்.

"கறவை நேரம் ஆயிடுச்சு நைனா. மடி கனத்துகினு கீது, உனுக்குப் பொன்னு வோணுமா?"

"விடு ஹேமந்த், அக்ரிமெண்ட்ல இருக்கு. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றாள் சஹானா. உடனே திரும்பினாள். "கிருபா, நீ இங்கயே இரு. ராத்திரி லைட் எல்லாம் மாத்தி, விடியறதுக்குள்ள செட் ரெடி பண்ணிடு. அப்புறம் இதுல ஒரு சைன்."

மூன்று மாத ஒப்பந்தம். வேலை நேரம்: தேவைக்கேற்ப.

அவன் பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். வாசலில் ராணி பலகை மேல் காலெடுத்து வைத்துக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிறது. அங்கே அதற்காக ஒரு ஜீவன் காத்திருக்கிறது. ஒரு மாட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் கதிக்கு வந்துவிட்டான். நாளைக்கே திவ்யா பெட்டியை எடுத்துக்கொண்டு கருங்குழி பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

"மேடம், எனக்கும் ராணிக்குப் போட்ட அதே பேப்பரைப் போட்டுக் குடுங்க."

சஹானா சிரித்தாள். "விளையாடாத கிருபா."

"இல்ல மேடம். காலைல அது வர்ற நேரத்துக்கு வர்றேன், அது போற நேரத்துக்குப் போறேன். எனுக்கும் வூட்ல ஆளு காத்துகினு கீது." கம்பெனியில் இத்தனை வருஷமாக அவன் பத்திரமாக ஒளித்து வைத்திருந்த ஊர்ப்பேச்சு அப்படியே வெளியே கொட்டிவிட்டது.

"நீ மாடு இல்ல கிருபா."

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன்."

வண்டிக்குள்ளிருந்து ஜம்புலிங்கத்தின் குரல் வந்தது. "இந்தாம்மா, நாளைக்கு மாடு வோணும்ல? எங்கிட்ட கை புடிச்சது இந்தப் பையன். அவன் வந்து கூட்டிக்கினு போனாத்தான் ராணி வரும். வேற யாரையும் எனக்குத் தெரியாது."

சஹானா ஹேமந்தைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார். மாடு இல்லாமல் நெய் எங்கிருந்து வரும்?

"சரி, டைமிங் எழுதிக்கோ. ரேட் பழையதுதான். டீல்?" என்று அவள் கையை நீட்டினாள்.

கிருபாகரனும் கொடுத்தான். அதற்குள் வண்டியிலிருந்து இறங்கி வந்துவிட்ட ஜம்புலிங்கத்தின் துண்டு வந்து விழுந்தது, இரண்டு கைகளையும் மூடியபடி.

"அஞ்சு!" என்று கத்தினார் அவர். "முழுக் கையையும் புடிச்சாச்சு, பேச்சு முடிஞ்சுது!"

"என்ன அஞ்சு?"

நேற்று தான் மாட்டிக்கொண்ட கதையைக் கிருபாகரன் பணிவாக விளக்கினான். சஹானா கெட்டிக்காரி. கையை இழுத்துக்கொள்ளவில்லை. துண்டுக்கு அடியிலேயே மெதுவாக அவனுடைய ஒரு விரலை மட்டும் விட்டாள். அவன் மீதி நாலையும் அழுத்தினான்.

"மாட்டவிட ஒரு வெரல் கம்மி" என்றார் ஜம்புலிங்கம், துண்டை உதறித் தோளில் போட்டபடி. "இருந்துட்டுப் போவுது. நீ பால் குடுக்கறதில்லையே."

ராணியின் அக்ரிமெண்ட் நகல் ஒன்றில் பெயரை அடித்துத் தன் பெயரையும், அஞ்சை அடித்து நாலையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டதும், அவன் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டான். திருக்கழுக்குன்றம் வரைக்கும் ராணி அவன் சட்டையை நக்கிக்கொண்டே வந்தது.

டியூட்டி முடிந்து வந்து, திவ்யா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்றது. மாட்டுக்குப் பக்கத்திலிருந்து புருஷன் குதித்தான். அவள் அவனைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், இன்னும் இருட்டாத வானத்தைப் பார்த்தாள்.

"இன்னாச்சு? வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல" என்றான் கிருபாகரன். "கறவை நேரம் ஆயிடுச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சட்டையெல்லாம் மாட்டு எச்சில், வாயெல்லாம் சிரிப்பு. எப்படியும் சொல்லாமலா போகப்போகிறான், சொல்ல நேரம் கிடக்கிறது. இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அரிசி களைய அவள் உள்ளே போனாள்.