பாஸ்குக் கறியில் உப்பு

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குசினிக்குள் போகவே ஐறீனுக்கு மனமில்லை. விடிந்தால் பாஸ்கு, ஆண்டவர் உயிர்த்த திருநாள். கொட்டாஞ்சேனையில் வேதக்காரர் வீடெல்லாம் கேக் வாசம் அடித்தது. இவளோ இன்னும் அடுப்பைக்கூட மூட்டவில்லை. புருஷன் நோபேட்டின் நாற்பது நாள் தவசு இன்றோடு முடிகிறதே, அதுதான் காரணம்.

நோபேட் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். தை மாதம் மூச்சு முட்டி, கால் இரண்டும் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதயம் களைத்துவிட்டது, உப்புக் கூடினால் உடம்பில் தண்ணீர் கட்டும், இன்னொரு முறை இப்படி வந்தால் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். மனுஷன் கேட்டாரா? கேட்டால் அவர் நோபேட்டா! ஐறீன் உப்புப் போத்தலைச் சவர்க்காரத்தூள் டின்னுக்குள் ஒளித்தாள். அவர் சந்திக் கடையில் ரோல்ஸும் வடையும் தின்றுவிட்டு வந்தார். சட்டை தோய்க்கும்போது பொக்கற்றுக்குள் காகிதத்தில் சுற்றிய உப்பு இருந்தது. கத்தினாள், அழுதாள், கதைக்காமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் இவளுக்குத்தான் பிரஷர் ஏறியது.

பிறகு தவசு தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்த மனுஷன், "இந்தத் தவசுக்கு நான் உப்பை விடுறன்" என்றார். "நீ சொன்னதுக்கில்ல. ஆண்டவருக்கு."

யாருக்கென்றால் என்ன, விட்டாரே! உப்பில்லாத பருப்பையும் தேசிக்காய்ப் புளி விட்ட மீனையும் முகம் சுளித்துச் சுளித்துத் தின்றார். முதல் கிழமை வீடே செத்தவீடு மாதிரி இருந்தது. போகப் போகச் சுளிப்புக் குறைந்தது. வீக்கம் வற்றிக் காலில் பழைய சப்பாத்து ஏறியது. சிலுவைப்பாதைக்கு நடந்தே போய் வந்தார். ஐறீனும் ராத்திரியில் அவருடைய மூச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடக்காமல் நித்திரை கொண்டாள். அந்த நித்திரைக்குத்தான் இப்போது ஆபத்து.

"இஞ்ச பாருங்க" என்றாள் வெங்காயம் உரித்தபடி. "நாளைக்குப் பிறகும் இப்பிடியே இருந்தா என்ன?"

"தவசு முடிஞ்சா முடிஞ்சதுதான்." முகத்துவாரத்தில் வாங்கி வந்த கட்டாக் கருவாட்டை மேசையில் வைத்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தார் அவர். "நாளைக்கு எல்லாம் பழைய மாதிரி இருக்கோணும். உப்பைக் குறைச்சியோ, கடையில போய்ச் சாப்பிடுவன். சொல்லிப்போட்டன்."

"ஆண்டவருக்காக நாப்பது நாள் இருந்தீங்க. எனக்காக இருக்க ஏலாதா?"

"ஆண்டவர் ஒரு நாளும் என்ட பிளேட்ட எட்டிப் பார்க்கல்ல."

சுருக்கென்று தைத்தது. சண்டை போட வாய் வந்தது, உடம்பில்தான் சத்தில்லை. எத்தனை நாளைக்கு ஒரு கிழட்டு மனுஷனுக்குப் பொலிஸ் வேலை பார்ப்பது? உப்பைப் போட்டுத் தின்னட்டும், செத்தால் சாகட்டும் என்று நினைத்தாள். நினைத்த கையோடு பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரிடம் பையைத் திறந்து காட்டி உள்ளே போய்ப் பூசை கண்டுவிட்டு வந்து சமைத்தாள். உப்புப் போத்தலைச் சவர்க்காரத்தூள் டின்னிலிருந்து அவர் பார்க்கவே எடுத்தாள். கோழிக்கறிக்கும் கத்தரிக்காய்க்கும் பழைய கை அளவிலேயே போட்டாள். கருவாட்டையும் பொரித்து வைத்தாள். வத்தளையில் கட்டிக்கொடுத்த மகள் டெனிஷாவும் சாப்பிட வந்திருந்தாள்.

நோபேட் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். குழம்பில் சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்தார். மென்றார். பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். கருவாட்டில் ஒரு துண்டு கடித்து, அதைத் தட்டின் ஓரத்தில் துப்பினார்.

"என்ன ஐறீன் இது, கடல் தண்ணியிலயா சமைச்ச? வாயில வைக்க ஏலாது!"

ஐறீன் தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். என்றைக்கும் போடுகிற உப்புத்தான். மாறியிருந்தது அவருடைய நாக்கு. அது அந்த மனுஷனுக்கே தெரியவில்லை.

"இல்லையே டடா, எனக்குச் சரியாத்தானே…" என்று டெனிஷா தொடங்க, ஐறீன் மேசைக்குக் கீழே அவள் காலை ஒரு மிதி மிதித்தாள். மகள் குனிந்து சோற்றைக் குழைத்தாள்.

தன் சமையலை யாரும் ஒரு சொல் குறை சொல்ல விட்டவள் இல்லை ஐறீன். அதற்காக மாமியாரோடேயே மல்லுக்கு நின்றவள். இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், கை தவறிக் கூடிப் போச்சு" என்றாள்.

"சமையலும் மறந்து போச்சு உனக்கு. நேத்தைய பருப்பு இருந்தா அதைக் கொண்டா. இனிமேலாவது பார்த்துப் போடு."

"பார்த்துப் போடுறன்."

குசினிக்குள் வந்து உப்பில்லாத பருப்பை அடுப்பில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சிரிப்பும் வந்தது, ஆனால் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. "அங்க என்ன செய்ற, பசிக்குது!" என்று நோபேட் சத்தம் போட்டார். "வாறன், வாறன்" என்றவள், உப்புப் போத்தலை ஒளிக்காமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பருப்பைக் கொண்டு போனாள்.