பன்னிரண்டாவது நிமிடம்

...பிரியாணி, மறுபடியும் அதே பிரியாணி, பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி என்று கேட்டால் இந்தக் கம்ப்யூட்டர் எதற்காக மூன்றாவது தடவையாக யாரோ ஒரு மாமா எலும்பைக் கடிப்பதைக் கொண்டுவந்து வைக்கிறது, கேட்டது சோஃபியாவின் அப்பாவை, ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசிய பேச்சை. டோரீன் மவுஸைத் தள்ளினாள். மணி பத்தே கால். பதினொன்றரைக்கு சோஃபியா வருவாள், மாலை அவளுக்கு துபாய் விமானம், அதற்குள் அந்தப் பேச்சை முழுதாக சி.டி.யில் போட்டுத் தர வேண்டும். ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் அப்பா போய்விட்டார், அடக்கத்துக்குக்கூட அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, இப்போது செப்டம்பரில் வந்து கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தால் அப்பா வாயசைக்கிறார், மேலே பாட்டு ஓடுகிறது, இருபது நொடியில் அவரும் காணாமல் போகிறார். நேற்று போனில் என்ன சொன்னாள், "எங்க டாடி பேச்ச வெட்டிட்டு பாட்டு போட்டு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு அப்பா இல்லையா?" இருந்தார், நன்றாகவே இருந்தார், அதை உன்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? வெட்டச் சொன்னது யார் என்று உன் அம்மாவைக் கேளேன். இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு, "அவரு கொஞ்சம் போட்டுட்டு பேசிட்டாரும்மா, நாலு பேர் பாக்கறது, பாட்டு போட்டு மூடிடு" என்று சொன்ன அம்மாவை. அதைச் சொல்லவும் முடியாது. சோஃபியா ஊருக்குப் போய்விடுவாள், அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசையில் இவளுக்கு முன் பெஞ்சில் வந்து உட்காருவாள்.

சுவரில் அவளே எழுதி ஒட்டிய காகிதம். படம் வரவில்லையென்றால் முதலில் கேபிளைப் பிடுங்கித் திரும்பக் குத்து. கேமராவை அணைத்துப் போடு. டேப்பை முதலிலிருந்து சுற்று. எல்லாம் செய்தாயிற்று. திரை முதலில் படம் இல்லை என்று சிவப்பாகக் கிடந்தது, அதற்குக் காரணம் தெரிந்ததுதான், எண்பது ஜி.பி. டிஸ்க்கில் எத்தனை கல்யாணத்தை வைத்துக்கொள்வது, அடுத்த வேலை வந்ததும் பழைய படங்களை அழித்துவிடுவாள், வெட்டிய கணக்கு மட்டும் மிஞ்சும், எந்த டேப், எத்தனையாவது நிமிடம் என்ற எண்கள். டேப்பைக் கேமராவில் போட்டால் அந்த எண்ணைத் தேடிக் கம்ப்யூட்டரே படத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் டேப்பில் பன்னிரண்டாவது நிமிடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். இதில் இரண்டு இருக்கிறது. அதற்கான வரியும் காகிதத்தில் இருக்கிறது, சிவப்பு மையில், அண்ணனுக்காகவே எழுதியது: நடுவில் யாருக்கும் போட்டுக் காட்டாதே. கேமரா பிடிக்கும் ரெமிஜியஸ் அண்ணன் எந்த ரிசப்ஷனிலாவது அதைக் கேட்டானா? பந்தியில் ஓர் ஆன்ட்டி, "ரெமி, நான் எப்படி இருக்கேன், காட்டேன்" என்றால் போதும், டேப்பைப் பின்னால் சுற்றி, கேமராவின் குட்டித் திரையைத் திறந்து காட்டுவான், ஆன்ட்டி சிரிப்பாள், அவன் தட்டில் ஒரு லெக் பீஸ் விழும். அப்புறம் குத்துமதிப்பாக முன்னால் ஓட்டிவிட்டு எடுக்க ஆரம்பிப்பான். கொஞ்சம் தள்ளி வெற்று டேப்பில் தொடங்கினால் கேமரா புது டேப் என்று நினைத்து மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஒரு லெக் பீஸுக்காக.

அண்ணனுக்குப் போன் போட்டாள். ஹெப்பகோடிப் பக்கம் ஏதோ கம்பெனி விழாவில் இருந்தான். மொபைலில் ஒலிபெருக்கிச் சத்தம் காதைக் கிழித்தது. "டேப்ல நம்பர் ரெண்டு தடவ ஓடுது அண்ணா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"ஐயோ, காலையிலயே ஆரம்பிச்சிட்டியா. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ டோரீன்."

"அவ பதினொன்றரைக்கு வரா."

"டேப் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. ஃபங்கஸ்னு சொல்லு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

வைத்துவிட்டாள். எவ்வளவு சுலபமாக வருகிறது இவனுக்கு. ஒரு பெண் செத்துப்போன அப்பாவின் குரலைக் கேட்கிறாள், ஃபங்கஸாம், இதையெல்லாம் சொல்லவும் ஒரு வாய்... எண்ணை நம்பினால் இந்த ஜென்மத்தில் வேலை ஆகாது. டேப்பைக் கையாலேயே ஓடவிட்டு, கண்ணால் பார்த்து, வரும்போது கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் பட்டனை அமுக்க வேண்டும், சுவர்க் காகிதத்தின் கடைசி வரி அதுதான். ஓடவிட்டாள். கேக், மெழுகுவர்த்தி, சித்தப்பாவின் டோஸ்ட், பந்தி, எலும்பு கடிக்கும் மாமா, சிரிக்கும் ஆன்ட்டி, அப்புறம் நீலத்திரை, எண் பூஜ்யமானது, படம் திரும்ப வந்தது. எண் மறுபடியும் பன்னிரண்டைத் தாண்டியபோது, தளர்ந்த டையோடு அப்பா. ஸ்பீக்கர் திருகைத் தொட்டபோதுதான் உறைத்தது, இந்த மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஜனவரியிலும் வாயை மட்டும்தான் பார்த்தாள். பாட்டு எங்கே சேர்க்கலாம், எங்கே வெட்டலாம், அதற்குச் சத்தம் எதற்கு? ஏழு வருஷமாகச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எத்தனை பேரை வெட்டியிருப்பாள்? திருகினாள்.

மெல்லிய குரல், அந்த உடம்புக்குப் பொருந்தாத குரல். "பேசாதன்றாங்க. பேசுவேன். சோஃபி, நீ துபாய் போம்மா, நான் தடுக்கல. ஆனா எனக்கு ஒண்ணுன்னா நீ வந்துடணும். லீவு கீவுன்னு கத சொல்லக்கூடாது. வருவியா?" கேமரா திரும்பியது. வெள்ளை கவுனில் சோஃபியா, உதட்டில் கேக், சிரிப்பை அடக்க முடியாமல், "வரேன் டாடி, மொதல்ல குந்துங்க" என்றாள். மேஜைகளில் சிரிப்பு. "எல்லாரும் சாட்சி. வீடியோக்காரரே, புடிச்சியாப்பா? எங்க, போட்டுக் காட்டு." கேமராவுக்குப் பின்னாலிருந்து ரெமிஜியஸின் குரல், "அப்புறம் காட்றேன் அங்கிள்." ஆன்ட்டிக்குக் காட்டினாயே, அவருக்குக் காட்ட மட்டும் உனக்கு... என்று நினைத்தபோதே அந்தக் கோபம் பாதியில் நின்றது. அவள் கை பட்டனில் இருந்தது. எல்லாம் பதிவாகிவிட்டது, வருவியா என்ற கேள்வியும், வரேன் என்ற பதிலும். சோஃபியாவுக்கு இது ஞாபகம் இருக்கிறதா? ஆசீர்வாதம் மாதிரி ஏதோ பேசியிருப்பார் என்று நினைத்து வருகிறாளா, விமானத்தில் ஏறும் முன் அதை வாங்கிக்கொண்டு போக? இல்லை, இந்த ஒரு வரியைத் தேடித்தான் வருகிறாளா, தன்னைத்தானே அடித்துக்கொள்ள? யாரைக் கேட்பது? வருவியா என்பதை மட்டும் எடுத்துவிட்டால் என்ன, இரண்டு நொடி, ஒட்டுப் போட்டது யாருக்கும் தெரியாது, அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை... போன தடவையும் நல்ல எண்ணத்தில்தானே வெட்டினாய்?

வாசலில் ஆட்டோ நின்றது. டோரீன் எழுந்தாள். சோஃபியா செருப்பைக் கழற்றிக்கொண்டே, நேற்றைய கோபம் எதுவும் இல்லாத குரலில், "ஸாரி அக்கா, நேத்து கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன். டேப் நல்லா இருக்கா?" என்றாள். டேப் கெட்டுப்போச்சு. அண்ணனின் வார்த்தைகள், அப்படியே, அவள் வாய்க்குள் தயாராக இருந்தன. சோஃபியாவின் பார்வை அவளைத் தாண்டித் திரைக்குப் போனது. அங்கே அப்பா வாயசைத்துக்கொண்டிருந்தார், டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. டோரீன் திரும்பிப் பார்த்தாள். திருகு பூஜ்யத்தில் இருந்தது. எப்போது குறைத்தாள்?