படத்துக்குக் கீழே நாலு வரி

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டியிருப்பார்கள். பாறை உரசினால் தோல் கிழியாது, சொறி மீன் பட்டால் அரிக்காது. கடலில் இறங்குகிற ஒவ்வொருத்தியும் வீட்டுக்காரரின் பழைய சட்டைக்குள்தான் இறங்குவாள்.

ஜோஸ்லின் போட்டிருந்தது பழைய சட்டை இல்லை. அவள் புருசன் பிரடெரிக் ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போகும் மஞ்சள் கோடு போட்ட சட்டை. அவன் மங்களூருக்குப் போனபோது கொடியில் விட்டுப்போன பழைய சட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாக உப்பு தின்றுவிட்டது. இது மட்டும்தான் மிச்சம்.

அவன் போனது ஒரே ஒரு பேச்சால். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மீன் ஏலம் போடுகிற இடத்தில் சிநேகிதர்கள் சூழ நின்றுகொண்டு, "இனிமே நீ கடல்ல எறங்க வேணாம்" என்றான். அவளுக்கு உள்ளங்கையில் பாறை கிழித்து அப்போதுதான் தையல் பிரித்திருந்தார்கள். அக்கறையில்தான் சொன்னான். ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. "நீங்க கொண்டார மீன நம்பி உலை வச்சா தண்ணி மட்டுந்தான் கொதிக்கும்" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே மங்களூர் விசைப்படகில் வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய அக்காவுக்குப் போன் பண்ணுவான். ஜோஸ்லினுக்குப் பண்ணுவதில்லை. அவளும் பண்ணவில்லை. ஆனால் அவன் படகு என்றைக்குக் கடலுக்குப் போகிறது, என்றைக்குக் கரைக்கு வருகிறது என்பதை அந்த மதினியிடம் பட்டும் படாமல் கேட்டு வைத்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பாசி மூட்டையோடு அவள் தண்ணீரை விட்டு எழுந்தபோது கரையில் ஒரு பெண் கேமராவோடு நின்றாள். நஸீஹா என்று பேர். ராமநாதபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லீவு நாளில் பஸ் ஏறி ஊர் ஊராகத் தெருக்களைப் படம் எடுப்பாள். படத்துக்குக் கீழே அந்த ஆளின் கதையை நாலு வரியில் எழுதி 'வழியில கண்டது' என்ற இணையப் பக்கத்தில் போடுவாள்.

"எடுத்ததுக்கு அப்பறந்தேன் கேக்குறேன் கா. போடலாமா?"

"அவளப் போட்டா எவன் பாப்பான்? என்னயப் போடு புள்ள" என்றாள் பூமயில். கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்து பாம்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். நீந்தப் பழகியதே கல்யாணத்துக்கு அப்புறம்தான். இப்போது ஜோஸ்லினை விட ஆழத்துக்குப் போவாள்.

நஸீஹா சிரித்துக்கொண்டே அவளையும் ஒரு படம் எடுத்தாள். பிறகு ஜோஸ்லினைப் பார்த்து, "சட்டை யாரோடது கா?" என்றாள்.

"வீட்டுக்காரரோடது."

"அவரு?"

ஜோஸ்லின் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். நஸீஹா அதற்கு மேல் கேட்கவில்லை. படம் அனுப்புவதற்காகப் பூமயிலின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பூமயில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏடி ஜோஸ்லினு! அந்தப் புள்ள உம் புருசனக் கொன்னுட்டாடி!"

ஜோஸ்லின் வாங்கிப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் அவள் நிற்கிறாள். கீழே நாலு வரி. 'அவனைக் கடல் எடுத்துக்கொண்டது. சட்டையை அவளுக்கு விட்டுவைத்தது. இன்றும் அவள் அதை அணிந்துகொண்டுதான் அதே கடலில் இறங்குகிறாள். எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை.' அதற்கும் கீழே அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளுமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"கண்ணு தெரியாதவளா இவ? கண்ணாடிக் கடையில எப்படித்தேன் வேல பாக்குறாளோ" என்று பூமயில் கத்தினாள். "இரு, நல்லா நாலு வார்த்த கேட்டு அனுப்புறேன்."

ஜோஸ்லின் போனை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று புகுந்து சட்டையின் முதுகுப் பக்கம் உப்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒட்டி இன்னொருவர் நிற்பது போல இருந்தது.

பூமயில் அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் நஸீஹா உடனே கூப்பிட்டாள். ஜோஸ்லினே எடுத்தாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க கா. கழுத்துல தாலி இல்ல. நெத்தியில பொட்டு இல்ல. அவரக் கேட்டதும் கடலப் பாத்தீங்க. நானா முடிவு பண்ணிட்டேன்."

"வேதக்காரிக்கு ஏம்மா பொட்டு? தாலி கல்லுல மாட்டிக்கிட்டா உள்ளயே மூச்சு முட்டிச் சாகணும். நாங்க எல்லாருமே வீட்டுல கழட்டி வச்சுட்டுத்தேன் எறங்குவோம். எனக்கு மாதா படத்துக்கிட்ட, பூமயிலுக்கு முருகன் படத்துக்கிட்ட."

"எனக்குத் தெரியாம போச்சு கா. இப்பவே அழிச்சுர்றேன்."

"வேணாம்."

"என்ன கா?"

"அழிக்காத. செவ்வாக்கெழம வரைக்கும் கெடக்கட்டும்."

போனை வைத்ததும் பூமயில் இடுப்பில் கை வைத்தாள். "குத்துக்கல்லாட்டம் இருக்கற மனுசனுக்கு ஊரே அஞ்சலி போடுது. கெடக்கட்டுங்கிற? கிறுக்குப் பிடிச்சுருச்சா?"

"அவுக படகு செவ்வாக்கெழமதேன் கரைக்கு வருது" என்றாள் ஜோஸ்லின். "மங்களூர்ல நம்ம ஊரு ஆளுகளுக்குன்னு ஒரு குரூப் இருக்குல்ல. அதுல போட்டு விடு."

பூமயில் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அனுப்பினாள்.

மறுநாள் தவக்கால ஞாயிறு. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு ஜோஸ்லின் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். உயிரோடு இருக்கிறவரைச் செத்தவராக விட்டுவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோமா, அந்தப் பொய் பத்திரமாக மங்களூர் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்தும் அவன் கூப்பிடாமல் இருந்தால்? அந்த நினைப்பை அதற்கு மேல் போகவிடாமல் வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கடலுக்குப் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போன் அடித்தது. அவன் பேர் திரையில் வந்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். 

"ஏய்" என்றான் பிரடெரிக். "நான் எப்பச் செத்தேன்?"

"நான் சொல்லல."

"போட்ல இருக்கற பயலுக எல்லாம் எனக்காக ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னானுக. அப்பறம் கருமாதிச் சாப்பாடு எங்கன்னு கேக்கறானுக. போட்டு ஓட்டுற டிரைவரு சம்பளத்த யாருகிட்டக் குடுக்கன்னு வெசாரிக்கிறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கையி எப்படி இருக்கு?" என்றான்.

"ஆறிருச்சு."

"படத்துல துணி சுத்தியிருக்கு."

"அது விரலுக்கு. எல்லாருந்தேன் சுத்திக்கிறோம்."

"பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். ஒண்ணுந் தெரியல." என்றான். "மெலிஞ்சு போயிட்ட."

"உலையில தண்ணிதேன் கொதிக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்தப் பக்கம் மீன் கூடைகள் இழுபடும் சத்தம். யாரோ கன்னடத்தில் அதட்டினார்கள். அவன் வைத்துவிடுவான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரடெரிக் சிரித்தான். மூக்கால் காற்று விட்டு ஆரம்பித்து இருமலில் போய் முடிகிற அதே சிரிப்பு.

"வாயி மட்டும் மெலியல."

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்த மொதல்ல எடுக்கச் சொல்லு" என்றான். "அக்கா பாத்தா அங்கன ஒப்பாரி வச்சுரும்."

"நான் சொன்னா அந்தப் புள்ள நம்பாது. நீங்களே வந்து சொல்லுங்க, உசுரோட இருக்கேன்னு."

 படகின் மோட்டார் துடிப்பது கேட்டது.

"ஈஸ்டருக்கு ரெண்டு நாளு போட்டக் கட்டுவாக" என்றான் கடைசியில். "டிரைவருகிட்டக் கேக்கணும். விடுவாரான்னு தெரியல..."

முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று வந்துவிடுமோ என்ற பயம்.

"ஐஸ் அள்ளக் கூப்புடுறாக. வைக்கவா?"

"வைக்காதீங்க."

"வேல கெடக்கு புள்ள."

"நீங்க வேலயப் பாருங்க. போன் அப்படியே இருக்கட்டும்."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போல. துணி உரசும் சத்தம், ஐஸ் சரியும் சத்தம், அவன் யாரையோ "ஏலே, பாத்து" என்று அதட்டும் சத்தம். ஜோஸ்லின் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்கு நடுவே அவன் குரல் பக்கத்தில் வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள்.